எந்தக் கை முதலில்?

1994ஆம் ஆண்டின் பங்குனி வெயிலில், தென்மாவட்டப் பெருநகர் ஒன்றின் மருத்துவமனையில், நரம்பியல் மருத்துவர் ஒருவர் முன் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வைத்துவிட்டு நின்றேன். கட்டுரை என்று கூறுவது மிகையன்று. என் தம்பிக்கு வந்த வலிப்பைக் கண்ணால் கண்டவர் எவரேனும் அதனை எழுதிக்கொண்டு வருதல் வேண்டும் என்று அவர் முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். வீட்டில் தமிழ் படித்தவன் நான்; கல்லூரியில் விரிவுரையாளர் பணி ஏற்று ஈராண்டு நிறைந்திருந்தவன். எனவே எழுதும் பொறுப்பு என்னை வந்தடைந்தது. இரவு முழுவதும் அமர்ந்து, அடித்துத் திருத்தி, படியெடுத்து எழுதினேன்.

மருத்துவர் அறுபதை நெருங்கியவர். மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, கையில் ஒரு பென்சிலுடன், மாணவன் விடைத்தாளை நான் திருத்துவது போலவே என் தாள்களைப் படித்தார். சூறைக்காற்றில் அகப்பட்ட வாழை என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். கரையில் எறியப்பட்ட மீன் என்று மற்றோரிடத்தில். வில்லென வளைந்தது உடல் என்றும், நாண் அறுந்தாற்போல் தளர்ந்தது என்றும் எழுதிய இடத்தை நானே இருமுறை படித்து மகிழ்ந்திருந்தேன். அவர் படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்தக் கை முதலில் அசைந்தது என்று மூன்று பக்கத்திலும் ஒரு சொல் இல்லையே?”

நான் விழித்தேன். பக்கத்தில் நின்ற அத்தாவைப் பார்த்தேன். அத்தா அம்மாவைப் பார்த்தார். மூவருக்கும் தெரியவில்லை. அதுவரை மூன்று முறை வலிப்பு வந்திருந்தது. மூன்று முறையும் நாங்கள் உடன் இருந்தோம்.

“இரண்டு கையுந்தான் ஆடியது ஐயா” என்றார் அத்தா.

“முடிவில் இரண்டும் ஆடும். எல்லாருக்கும் ஆடும். எனக்கு வேண்டியது தொடக்கம். முதல் பத்து வினாடி.”

அந்த முதல் பத்து வினாடியில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தேன். முதல் முறை, தம்பி கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அம்மா அலறினார். அத்தா இரும்புச் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் அவன்மீது பாய்ந்து இரு கைகளையும் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் முறை அண்டை வீட்டார் எண்மர் கூடி நின்றனர். ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செலுத்த முயன்றதில் தம்பியின் முன்பல் ஒன்று உடைந்தது. மூன்றாம் முறையும் சாவிதான். ஆடும் கையை ஆடவிடாமல் பிடித்தவன் நான். எந்தக் கை முதலில் ஆடியது என்று எனக்கு எவ்வாறு தெரியும்? இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை என்பதையும், பற்களுக்கிடையே எதையும் நுழைத்தல் ஆகாது என்பதையும், ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் மெத்தென்ற ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கது என்பதையும், ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிட்டால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் அம்மருத்துவர் அன்று சொன்ன பின்னரே அறிந்தோம்.

மக்கள் வழக்கில் இந்நோய்க்குக் ‘காக்காய் வலிப்பு’ என்று பெயர். ‘கால் கை வலிப்பு’ என்பதே அவ்வாறு மருவிற்று என்பர் மொழிநூலார் சிலர். அது மெய்யாயின், பெயரிட்ட முன்னோர் கண்டது கால், கை என்னும் உறுப்புகளை. வலம், இடம் என்னும் வேறுபாட்டை அன்று. ‘இடம்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இடப்பக்கம் என்றும் பொருள், தலம் என்றும் பொருள். மருத்துவர் வேண்டியது இரண்டையுந்தான். கையின் பக்கம் தெரிந்தால் மூளையின் இடம் தெரியும் என்பது அவர் கூற்று.

அவர் எங்களுக்கு விளக்கியது இது. மூளையிலிருந்து உடலுக்கு இறங்கும் இயக்க நரம்புகளுள் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலே, முகுளத்தின் அடியில், ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து பக்கம் மாறுகின்றன. ஆகவே வலக்கையை ஆட்டுவிப்பது இட மூளை. இடக்கையை ஆட்டுவிப்பது வல மூளை. மூளையின் மேற்பரப்பில், உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் நடுப்பிளவு ஒன்று உண்டு. அதற்கு முன்னுள்ள மேட்டில் உடலுறுப்புகள் வரிசையாக இடம்பெற்றிருக்கின்றன. உச்சியில் கால், அதன்கீழ் இடுப்பும் உடலும், பின்னர் தோள், கை, விரல்கள், விரல் வரிசையில் கடைசியாகப் பெருவிரல், அதனை அடுத்து முகம், உதடு, நா. இம்மேட்டின் ஒரு புள்ளியில் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின் துடிப்பை வெளியிடுமாயின், அப்புள்ளிக்குரிய உறுப்பு நம் விருப்பின்றியே துடிக்கும். துடிப்பு அடுத்த பகுதிக்குப் பரவினால் அடுத்த உறுப்பும் ஆடும். இரு மூளைப் பாதிக்கும் பரவிவிட்டால் உடல் முழுதும் ஆடும், நினைவும் தப்பும். “முழுதும் ஆடியபின் வந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்கியது என்று பார்த்தவன் பாதி மருத்துவன்” என்றார்.

மாத்திரை எழுதித் தந்தார். தலைக்கு ஸ்கேன் எடுப்பதற்கு நாள் குறித்தார். கூட்டம் மிகுதியாதலின் பதினைந்து நாள் காத்திருக்க நேர்ந்தது. விடைபெறும்போது என்னிடம், “பேராசிரியரே, மீண்டும் வந்தால் பிடிக்காதீர்கள், பாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். உவமை வேண்டாம்” என்று சொல்லி முறுவலித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

வீடு திரும்பி, நடந்ததை நன்னியிடம் அத்தா சொல்லிக்கொண்டிருந்தார். நன்னியின் மடியில் தலை வைத்துக் கிடந்த என் தங்கை, அப்போது ஒன்பது வயதுச் சிறுமி, எழுந்து உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும். நானும் அண்ணனும் கேரம் விளையாடும்போதுதானே வந்தது? அண்ணன் கட்டைவிரல் துள்ளித் துள்ளி ஸ்டிரைக்கர் கீழே விழுந்துவிட்டது” என்றாள். மூன்றாம் முறை நிகழ்ந்தது அது. அவள் பலகைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, நாங்கள் ஓடிவரும் முன்பே அனைத்தையும் பார்த்திருக்கிறாள். எந்தக் கை என்று கேட்டேன். தன் இடக்கையை உயர்த்தினாள். பிறகு ஏதோ எண்ணியவளாய், எழுந்து போய்த் தம்பி அன்று இருந்த இடத்திலே அவன் இருந்த திசை நோக்கி அமர்ந்து, இப்போது வலக்கையை உயர்த்தி, “இந்தக் கை” என்றாள். எதிரே இருப்பவனின் வலம் தனக்கு இடம் என்பதை அந்தச் சிறுமி தானே உணர்ந்து திருத்திக்கொண்டாள். மருத்துவமனைக்குச் சென்றபோது அவளை அழைத்துச் செல்லவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும் என்று வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தோம்.

மாத்திரை தொடங்கிய ஆறாம் நாள் நான்காம் வலிப்பு வந்தது. இரவு உணவுக்குப் பின் நானும் தம்பியும் திண்ணையில் இருந்தோம். அவன் பேச்சை நிறுத்திவிட்டு, “அண்ணே, கை…” என்றான். அவன் வலக்கைப் பெருவிரல் உள்ளங்கையை நோக்கி மடங்கி மடங்கித் துள்ளிற்று. அப்போது அவனுக்கு நினைவு இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் விரலைப் பார்த்தேன். இன்றளவும் என் நெஞ்சை அறுப்பது அந்தக் கணமே. அவன் என் முகத்தில் எதையோ தேடினான். நான் அதைக் கொடாமல் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அவனை மெல்லச் சரித்துப் படுக்க வைத்தேன். விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டோடு ஆட்காட்டி விரல், பிறகு வாயின் வலக்கோடி இழுக்கத் தொடங்கியது. கண்களும் தலையும் வலப்பக்கம் திரும்பின. தானாகத் திரும்புவது போலன்று, யாரோ பிடித்துத் திருப்புவது போல. பின்னர் உடல் முழுதும்.

அம்மா ஓடி வந்தார். கையைப் பிடிக்கப் போனவரை நான் தடுத்தேன். “பார்த்துக்கொண்டா நிற்கிறாய்? நீ உடன்பிறந்தவனா, கல்லா?” என்று அம்மா என் தோளில் அறைந்தார். சாவிக்கொத்துடன் வந்த அத்தா, வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் பத்து வினாடியில் அடங்கியது. ஆடி ஓய்ந்தபின் எழுப்பிப் பேசினால், அவன் நாங்கள் சொல்வதைக் கேட்டுத் தலையசைத்தானேயன்றி ஒரு சொல்லும் சொல்ல இயலவில்லை. பேச்சு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. வலக்கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தேன், பிடி நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்தே பிடித்தான். முந்தைய முறைகளிலும் அக்கை அவ்வாறு துவண்டிருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் அழுத்திப் பிடித்ததனால் வந்த நோவு என்றே எல்லாரும் கொண்டிருந்தோம். அம்மா அன்று இரவு என்னோடு பேசவில்லை.

ஒரு முழுத்தாளின் பாதியளவே இம்முறை எழுதினேன். வலக்கைப் பெருவிரல், 12 வினாடி. வாயின் வலக்கோடி. தலை வலப்பக்கம். பிறகு முழு உடல். பேச்சில்லை, 15 நிமிடம். வலக்கை வலுவில்லை, 45 நிமிடம். மருத்துவர் அதனைப் படித்ததும் ஸ்கேன் உறையைத் திறக்கவில்லை. வெற்றுத்தாளில் ஒரு மூளையை வரைந்து, நடுப்பிளவை ஒரு கோடாக இழுத்து, அதன் முன்னே இடப்பக்கத்தில், கீழிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அதன் பின்னரே படத்தை எடுத்து ஒளிப்பலகையில் மாட்டினார். அந்த இடத்திலேயே ஒரு சிறு வெண்ணிற வளையம், மொச்சைப் பருப்பிற்கும் சிறிதாய், இருந்தது. அம்மா படத்தைப் பார்க்கவில்லை. தாளிலிருந்த பென்சில் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிப்புக்குப் பின் வரும் அத்தளர்ச்சிக்கு, அதனை 1849ஆம் ஆண்டு விளக்கிய இராபர்ட் பென்ட்லி டாடு என்னும் மருத்துவர் பெயரே வழங்குகிறது என்றும், எந்தக் கை தளர்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்க மூளையே களைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும் என்றும் கூறினார். பேச்சு நின்றதும் அவ்வாறே. பெரும்பாலார்க்கு மொழி இட மூளையைச் சார்ந்தது. விரல், வாய், தலை, பேச்சு, தளர்ச்சி என்னும் ஐந்து சாட்சிகள் தனித்தனியே நின்று ஒரே இடத்தைச் சுட்டியதாக நான் புரிந்துகொண்டேன்.

அந்த வளையம் என்ன என்று கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். பன்றி நாடாப்புழுவின் கூடு என்றார். அம்மா அதைக் கேட்டுத் துடித்துப் போனார். “எங்கள் வீட்டில் அதன் நிழல்கூடப் பட்டதில்லையே ஐயா” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலிப்பைக் கண்டு அழுததைவிட அன்று அதிகமாக அழுதார் என்றே நினைக்கிறேன். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அப்பன்றியின் இறைச்சியை நன்கு வேகாமல் உண்பவனுக்குக் குடலில் முழுப்புழு வளரும். மூளையில் கூடு வருவது அதனால் அன்று. குடலில் புழு உடையவனின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கீரை, பச்சைக் காய்கறி, தூய்மையற்ற நீர், கழுவாத கை வழியாக அம்முட்டை எவர் வயிற்றிலும் சென்று சேரலாம். இறைச்சியே உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. நியூயார்க் நகரில் பன்றியை விலக்கிய யூதக் குடும்பங்களில் இது கண்டறியப்பட்டதை 1992ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழொன்று வெளியிட்டிருந்தது. “நீங்கள் எதையும் உண்டு பெற்றதன்று அம்மா, எவரோ கை கழுவாததால் வந்தது” என்றார். அதன்பின் எங்கள் வீட்டில் கொத்துமல்லித் தழை மூன்று முறை கழுவப்பட்டது. நெடுங்காலம், உறவினர் எவரிடமும் நோயின் பெயரை அம்மா சொல்லவில்லை.

இத்தகைய ஒற்றை வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, பல திங்கள் காசநோய் மருந்து கொடுத்து வந்த காலம் ஒன்று இந்தியாவில் இருந்தது. வலிப்போடு வரும் இவ்வளையங்களுள் மிகப் பலவும் புழுக்கூடுகளே என்பதை, அவற்றை எடுத்துச் சோதித்துக் காட்டியவர்கள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். அது 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. பெரும்பாலும் இவை சில திங்களில் தாமே சுருங்கி மறைவன. தம்பிக்கும் ஆறு திங்கள் கழித்து எடுத்த படத்தில் வளையம் இல்லை. 1996ஆம் ஆண்டு மாத்திரையும் நிறுத்தப்பட்டது.

நோய் நீங்கியபின்னும் அந்தப் பென்சில் புள்ளி என்னை விடவில்லை. உடலைத் திறவாமல், கருவியேதும் இன்றி, ஒரு விரலின் துள்ளலைக் கொண்டு மூளையில் இடம் குறித்தவர் முதன்முதல் எவர் என்று அறிய விரும்பி, கிடைத்த நூல்களையெல்லாம் படித்தேன். தமிழாசிரியனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் நகைத்ததுண்டு.

ஒருபக்கமாகத் தொடங்கும் வலிப்பைப் பற்றி 1827ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு பிராவே என்பவர் எழுதியிருக்கிறார். ஆயினும் அதன் பொருளைக் கண்டவர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் 1835இல் பிறந்த ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். இலண்டன் குயீன் சதுக்கத்தில் வலிப்பு நோயாளர்க்கென அமைந்த மருத்துவமனையில் 1862 முதல் பணியாற்றியவர். நோயாளியின் கட்டிலருகே நின்று, எங்கே தொடங்கியது, எவ்வழி சென்றது என்று ஓயாமல் வினவி எழுதிக்கொண்டவர். ஒருபக்க வலிப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் தொடங்குவதை அவர் கண்டார்: பெருவிரலும் ஆட்காட்டி விரலும், வாயின் கோடி, காலின் பெருவிரல். ஏன் இம்மூன்று? நுணுகிய, பலவகையான இயக்கத்தை உடைய உறுப்புக்கு மூளையில் பேரிடம் இருத்தல் வேண்டும்; இடம் பெரிதாயின் நோய் அங்கே மூள்வதற்கான வாய்ப்பும் மிகுதி என்று அவர் கருதினார். துடிப்பு பரவும் முறையிலிருந்து, மூளையில் உறுப்புகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் வரிசையையும் ஊகித்தார். பெருமூளையின் மேற்பரப்பு எண்ணத்திற்கே உரியது, இயக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று அறிஞர் பலர் நம்பியிருந்த காலம் அது. 1870ஆம் ஆண்டு, வலிப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுரை வெளிவந்த அதே ஆண்டில், பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இருவர் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்தி எதிர்ப்பக்கக் காலை அசையச் செய்தனர். 1873இல் டேவிட் ஃபெரியர் தம் சோதனைகளைத் தொடங்கிக் குரங்கின் மூளையிலும் அதனைக் காட்டினார். கட்டிலருகே நின்று கண்டது ஆய்வுக்கூடத்தில் மெய்யாயிற்று.

இதன் பயன் 1886இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே 25ஆம் நாள் விக்டர் ஹார்ஸ்லி, 22 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவரின் மண்டையைத் திறந்தார். சிறு வயதில் எடின்பரோவில் வண்டியில் அடிபட்டு மண்டை உள்வாங்கியவர் அவர். ஆறிய தழும்பு மூளையில் இருந்தது. அதனை அகற்றினார். அடுத்த திங்களில் இன்னொருவர், 20 வயது. அவருக்கு வலிப்பு இடக்கைப் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தொடங்கும். அக்குறிப்பைக் கொண்டு வலப்பக்க மூளையில் விரலுக்குரிய இடத்தைத் திறந்தபோது, அங்கே கட்டி இருந்தது. ஊடுகதிர்ப் படம் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டு முன்னர் நிகழ்ந்தது இது! இதனைப் படித்த அன்று, கேரம் பலகைக்கு எதிரே இருந்த என் தங்கையை நினைத்துக்கொண்டேன்.

பின்னர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எவ்வுறுப்பு அசைகிறது என்று குறித்து, 1937ஆம் ஆண்டு ஒரு படத்தை வெளியிட்டார். சிறு உடலும், பெருத்த உதடுகளும், மிகப் பெரிய பெருவிரலும் கொண்ட விந்தை மனிதனின் உருவம் அது. ஜாக்சன் ஊகித்தவாறே விரலும் வாயும் பேரிடம் பிடித்திருந்தன. அந்த மாண்ட்ரியலில் பயின்றவரே கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி. 1949இல் வேலூருக்கு வந்து இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கி, 1952இல் வலிப்புக்கான அறுவையையும் செய்தார். இலண்டனில் தொடங்கிய அந்த வினா எங்கள் அம்மாவிடம் வந்து சேர்ந்த வழி இதுவாக இருக்கலாம்.

எல்லா வலிப்பும் விரலில் தொடங்குவதில்லை. சிலர் ஆடுவதேயில்லை, விழித்தபடி வெறித்து, உதட்டைச் சப்புக்கொட்டி, ஒரு கையால் சட்டைப் பொத்தானைத் துழாவிக்கொண்டிருப்பர். அது பெரும்பாலும் காதருகே உள்ள பொட்டு மடலிலிருந்து வருவது. துழாவும் கையைவிட, அசையாமல் முறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கும் மறுகையே அங்குச் சாட்சி. அக்கைக்கு எதிர்ப்பக்கத்தில் நோய் இருக்கும். வலிப்பு முடிந்ததும் நோயாளி எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பதைக்கூட மருத்துவர் குறித்துக்கொள்கின்றனர்; பொட்டு மடல் வலிப்பில் துடைக்கும் கையும் நோயும் பெரும்பாலும் ஒரே பக்கம். ஒரு கை நேரே நீண்டு, மறுகை முழங்கையில் மடங்கி நான்கு என்னும் எண் போல் நிற்குமாயின், நீண்ட கைக்கு எதிர்ப்பக்கம் நோயிடம். உறக்கத்தில் திடீரென்று கைகால்களை மிதிவண்டி மிதிப்பது போல் வீசி, கூச்சலிட்டு, அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும் ஒருவகை, நெற்றி மடலுக்கு உரியது. பேய்க்கோளாறு என்றும் பாசாங்கு என்றும் பழி சுமப்பவர்கள் இவர்களே. இவர்களுக்காக நான் மிகவும் வருந்துவதுண்டு.

இவற்றுள் ஒன்றும் நூற்றுக்கு நூறு அன்று. தலை திரும்புவதையே எடுத்துக்கொள்வோம். உடல் முழுதும் ஆடுவதற்குச் சற்று முன்னர் வலிந்து முறுக்கிக்கொண்டு திரும்பினால் எதிர்ப்பக்கம் என்று நம்பலாம். தொடக்கத்தில் இயல்பாகத் திரும்பினால் நோயுள்ள பக்கமே திரும்பியிருக்கவும் கூடும். இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. மூளையின் சில பகுதிகளில் துடிப்பு மூண்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அது பரவிப் பேசும் பகுதியை, அசைக்கும் பகுதியை அடைந்த பின்னரே நம் கண்ணுக்குப் புலனாகும். பின்மண்டையில் மூண்ட வலிப்பு, பொட்டு மடலுக்குச் சென்று, அங்கே பிறந்தது போல் உதட்டைச் சப்பச் செய்யும். இதனைப் பிற்காலத்தில் நான் கேட்டபோது, உவமை வேண்டாம் என்ற அதே மருத்துவர், “அடுப்பு ஓரிடம், புகைபோக்கி ஓரிடம்; தெருவில் நிற்பவன் பார்ப்பது புகைபோக்கியை” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

அதனால்தான் இன்று மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை செய்யும் முன், நோயாளியைப் பல நாள் படுக்கையில் வைத்து, மூளை மின்வரைவையும் ஒளிப்படக் கருவியின் பதிவையும் ஒருசேர எடுத்து, வினாடி வினாடியாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கின்றனர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இதற்கெனத் தனி அறுவைத் திட்டம் 1995இல் தொடங்கப்பட்டது. எத்துணைக் கருவி வந்தபோதும், நோயாளி வலிப்போடு மருத்துவமனைக்கு வருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் வகுப்பறையிலுமே வலிப்பு வருகிறது. அங்கே இருப்பவர் நாம்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டு முன், என் வகுப்பில் மாணவர் ஒருவர் வலிப்புற்று விழுந்தார். இருவர் சாவி தேடினர். ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் அவரை அடிக்கப் போய்விட்டனர். மானம் கெடுக்கிறான் என்று. நான் அவர்களை விலக்கி, “நிறுத்தாதே, கைகள் இரண்டும் தெரியும்படி எடு, வேறு எவருக்கும் அனுப்பாதே” என்றேன். மாலையில் அம்மாணவரின் தந்தை முன்னிலையில் அப்படம் மருத்துவருக்குக் காட்டப்பட்டது. பின்னர் எடுத்தவரே அழித்துவிட்டார். அன்று அவரை அடிக்கப் போனவர்கள்மீது எனக்குச் சினம் இல்லை. 1994இல் என் தோளில் விழுந்த அறையும் அத்தகையதே.

அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒருமுறைதான் பேசினார்; தாம் மறைவதற்கு ஓராண்டு முன்பு. “அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆடியது என்று எழுதினாய்?” என்று கேட்டார். இரண்டு நிமிடம் பத்து வினாடி என்றேன். “அவ்வளவுதானா!” என்றார். சற்று நேரம் கழித்து, “நீ பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை.

தம்பி இன்று பெண்மக்கள் இருவருக்குத் தந்தை. வெளியூரில் வணிகம் செய்கிறான். தனக்கு வந்த வலிப்பை அவன் பார்த்ததில்லை. விரல் துள்ளியதும் என் முகமும் மட்டுமே நினைவிருக்கின்றன என்பான். சென்ற பெருநாளுக்கு வந்திருந்தபோது, பிள்ளைகள் உறங்கியபின், அதே திண்ணையில் அமர்ந்து, “அண்ணே, அப்புறம் என்ன ஆச்சு? சொல்லேன்” என்றான். முப்பது ஆண்டு கழித்து முதன்முறையாகக் கேட்டான். நான் விரலிலிருந்து தொடங்கிச் சொன்னேன். மணிக்கட்டு, வாயின் கோடி, தலை என்று. அவன் தன் வலக்கையை மடியில் வைத்து, பெருவிரலைப் பார்த்தபடி, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.